வேற்றுலக உயிருக்கு ஆன்மா உண்டா?

வேற்றுலக உயிரைச் சித்திரிக்கும் கலைப்படைப்பு எதுவும் அப்படி ஓர் உயிரை நேரில் கண்டு செய்யப்பட்டதில்லை. ஓவியமோ திரைப்படமோ நாவலோ, அதில் வரும் அயலார் மனிதரின் அச்சத்தாலும் ஆசையாலும் ஆனவர். ஆகவே இத்துறைக் கலையை வானியலின் துணைப்பாடமாகப் படிப்பதில் அதிகப் பயனில்லை. உயிர் என்பது எது, அறிவு என்பது எது, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்ற பழைய கேள்விகளே அதில் புது வேடத்தில் வருகின்றன. தமிழர் சமய மரபு, குறிப்பாகச் சைவ சித்தாந்தம், இவற்றில் சிலவற்றுக்கு வெகு எளிதாக விடை சொல்லிவிடுகிறது. சில இடங்களில் அதுவும் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றங்களே கூர்ந்து பார்க்கத் தக்கவை.

தமிழில் இந்தக் கற்பனை புதிதன்று. 1963-ல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார் நடித்து வெளிவந்த 'கலை அரசி' படத்தில் பறக்கும் தட்டில் வேற்றுலகத்தார் வந்து இறங்குகிறார்கள். பொன்னோ நிலமோ தேடி வந்தவர்கள் அல்லர். அறிவியலில் வெகுதூரம் போய்விட்ட அவர்கள் உலகில் பாட்டும் ஆட்டமும் இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்று பூமியிலிருந்து ஒரு பெண்ணைக் கவர்ந்து போகிறார்கள். வாள்சண்டையும் காதல் பாட்டும் கலந்த ஜனரஞ்சகப் படந்தான். ஆனால் அதன் நடுவில் கனமான ஒரு கருத்து இருக்கிறது: அறிவு நிறைந்த இடத்திலும் ஒரு குறை இருக்கலாம், அந்தக் குறையை நிரப்பும் பொருள் எளிய மனிதரிடம் இருக்கலாம். 2024 பொங்கலுக்கு வந்த ஆர். ரவிகுமாரின் 'அயலான்' படத்தில் நிலைமை தலைகீழ். அதில் வரும் வேற்றுலகவாசி மனிதரிடம் கற்க வரவில்லை. மனிதரின் பேராசை பூமிக்குச் செய்யவிருக்கும் கேட்டைத் தடுக்க வருகிறது. அறுபது ஆண்டுகளில் தமிழ்த் திரை மனிதனைக் கொடுப்பவன் இடத்திலிருந்து இறக்கி, கண்டிக்கப்படுபவன் இடத்தில் நிறுத்திவிட்டது. மனிதகுலத்தின் எதிர்காலம் குறித்த நம்பிக்கை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே அறியலாம்.

உண்மையாகவே விண்ணுக்கு அனுப்பப்பட்ட கலையும் உண்டு. 1977-ல் நாசா ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. கார்ல் சேகன் தலைமையிலான குழு அதற்கான படங்களையும் ஒலிகளையும் இசையையும் தேர்ந்தெடுத்தது. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி அதில் இருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்துகள் இருக்கின்றன. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் அவற்றில் உண்டு. தமிழ் இல்லை. இந்தோனேசிய மொழி உண்டு, மலாய் என்ற பெயரில் எதுவும் இல்லை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வாழ்த்துகளில் பெரும்பாலானவை கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கிடைத்தவர்களைப் பேசவைத்துப் பதிந்தவை. அங்கே அன்று தமிழ் வாழ்த்துச் சொல்ல ஒருவர் அமையவில்லை, அவ்வளவுதான். ஆயினும் 'மனிதகுலத்தின் குரல்' என்று சொல்லப்படுவது அன்று அந்த அறையில் இருந்தவர்களின் குரல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அத்தட்டு மனிதரை நல்லவர்களாகவே காட்டியது. போர்களின் படங்களுக்கு அதில் இடமில்லை. 2012-ல் அமெரிக்கக் கலைஞர் டிரெவர் பேக்லன் இதற்கு ஒரு மறுமொழி போல 'கடைசிப் படங்கள்' என்ற பணியைச் செய்தார். நூறு ஒளிப்படங்களைச் சிலிக்கான் தட்டில் நுண்ணளவில் பொறித்து, எக்கோஸ்டார் 16 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பினார். புவிநிலைச் சுற்றுப்பாதையில் காற்றின் உராய்வு இல்லாததால், மனிதர் அழிந்த பின்னும் அது நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் அனுப்பியது வாழ்த்து அன்று. எஞ்சி நிற்கும் ஒரு தடயம், யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்ற உறுதி சிறிதும் இல்லாத தடயம்.

இவ்வகைப் படைப்புகளில் சிந்தனைக்கு அதிகம் இடம் தருவது அல்லோரா, கல்சாதியா என்னும் கலைஞர் இருவர் எழுத்தாளர் டெட் சியாங்குடன் சேர்ந்து 2014-ல் உருவாக்கிய 'மாபெரும் மௌனம்' என்ற காணொளி. போர்ட்டோ ரீக்கோவின் அரெசிபோவில் 305 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று இருந்தது. 1974-ல் விண்மீன் கூட்டம் ஒன்றை நோக்கி மனிதர் ஒரு செய்தியை அனுப்பியது அங்கிருந்துதான். 2020 டிசம்பரில் அது இடிந்து விழுந்தது. அதை அடுத்த காட்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு கிளி இனம் வாழ்கிறது. காணொளியில் பேசுவது அந்தக் கிளி. குரல் பழகும், பேசவும் செய்யும் ஓர் உயிர் பக்கத்து மரத்திலேயே இருக்க, மனிதர் ஏன் அதைக் கேளாமல் வானத்தைக் கேட்கிறார்கள் என்பது அதன் வினா.

இந்த வினா தொல்காப்பிய மரபியலைப் படித்தவருக்குப் புதிதாகத் தோன்றாது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் அப்பகுதி, மக்களை ஆறறிவுடையவர் என்று வைத்துவிட்டு, அவ்வகைப் பிறப்பில் வேறு சிலவும் உண்டு என்று ஒரு வாசலைத் திறந்தே வைக்கிறது. உரை மரபு தேவர், அசுரர், இயக்கர் போன்றாரை அவ்வாசல் வழியே உள்ளே விடுகிறது. விலங்குகளிலும் ஒரு சாராருக்கு மனவறிவு உண்டென்று கிளியையும் குரங்கையும் யானையையும் காட்டுகிறது. மனிதனுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் சிந்திக்கும் உயிர்கள் இருக்கலாம் என்பது தமிழ் இலக்கணம் தயக்கமின்றி ஏற்றுக்கொண்ட செய்தி.

சமயங்களுக்கு இதில் என்ன இடர்? ஐரோப்பாவில் இடர் பெரிதாக இருந்தது. எண்ணற்ற உலகங்கள் உண்டென்ற கருத்தையும் உள்ளடக்கிய குற்றச்சாட்டுகளின் பேரில் ஜியோர்டானோ புரூனோ 1600-ல் ரோமில் எரிக்கப்பட்டார். இறைவன் ஒரே முறை, ஒரே ஊரில், மனித உருவில் வந்தான் என்பது கிறித்துவத்தின் அடித்தளம். பிற உலகத்தாருக்கு அந்த மீட்பில் பங்கு உண்டா என்பது இறையியலாளர்களை நெடுங்காலம் வருத்தியது. ஆனால் 2008-ல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், வேற்றுலக உயிரையும் சகோதரன் என்றே கொள்ளலாம் என்ற பொருள்படப் பேசினார். நானூறு ஆண்டுகளில் வந்த மாற்றம் அது.

மலேசியாவில் வானமும் சமயமும் நாள்தோறும் உறவாடுகின்றன. மலாக்காவின் சுங்கை ஊடாங்கிலிருந்து மஸ்ஜிட் தானா வழியாகக் கடற்கரைப் பக்கம் போனால் தஞ்சோங் பிடாராவில் அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் இருக்கிறது. மாநில முப்தி துறையின் கீழ் இயங்கும் அந்த வளாகத்தில் தொலைநோக்கியும் கோளரங்கும் உண்டு. நோன்பு மாதத்துக்கும் பெருநாளுக்கும் பிறை பார்ப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. 2007 அக்டோபர் 10 அன்று மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் சோயுஸ் கலத்தில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் புறப்படும் முன், மலேசிய இஸ்லாமிய அறிஞர்கள் விண்வெளியில் வழிபாடு செய்வதற்கான வழிகாட்டி ஒன்றை வகுத்தார்கள். தொழும்போது இயன்றால் கஅபாவை நோக்குவது. இயலாவிட்டால் கஅபாவுக்கு நேர் மேலாக விண்ணில் நீளும் திசையை நோக்குவது. அதுவும் இயலாவிட்டால் பூமியை நோக்குவது. எதுவுமே இயலாவிட்டால் எத்திசையையும் நோக்குவது. தொழுகை நேரத்துக்குக் கலம் ஏவப்பட்ட இடத்தின் நேரக் கணக்கு. நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுவதால், உதயத்தையும் அந்தியையும் நம்பிக் கணக்கிட வழியில்லை. ஒரு சமயம் தன் சட்டத்தைக் கைவிடாமல் அதற்குள்ளேயே புதிய இடத்துக்கு வழி கண்டுபிடித்த அழகான எடுத்துக்காட்டு இது.

சைவத்துக்கு உலகங்கள் பல என்பது பிரச்சினையே இல்லை. கந்த சஷ்டியின்போது மலேசிய முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் காணும் எளிய பக்தருக்கும் சூரபத்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டவன் என்பது தெரியும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் அண்டங்களின் அமைப்பை விரித்துரைக்க ஒரு தனிப் படலமே இருக்கிறது. சித்தாந்த நூல்கள் 36 தத்துவங்களில் 224 புவனங்களை அடக்கிச் சொல்லும். மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில், நூறு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கும் உருண்டைகள் எல்லாம் இறைவன்முன், வீட்டுக்குள் நுழையும் வெயில் கற்றையில் மிதக்கும் தூசிபோலச் சிறுத்துத் தோன்றுவதாகக் காட்டுகிறார். இதை எடுத்துக்கொண்டு, முன்னோர் தொலைநோக்கி இல்லாமலே அண்டவெளியைக் கண்டறிந்தார்கள் என்று மேடையில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. அது அப்பாடலுக்குச் செய்யும் நன்மை அன்று. மாணிக்கவாசகர் விண்மீன்களை எண்ணிக் கணக்குக் கொடுக்கவில்லை; இறைவனின் பெருமைக்கு முன் எவ்வளவு பெரிய அண்டமும் சிறிது என்கிறார். அந்த நோக்கில் படிக்கும்போதுதான் பாடல் நவீன வானியலைக் கண்டு அஞ்சவோ அதனிடம் சான்றிதழ் வாங்கவோ தேவையில்லாமல் நிற்கிறது.

சித்தாந்தம் தரும் இன்னொரு பலம் இதைவிடப் பெரிது. அதன் கணக்கில் இந்திரனும் பிரமனும்கூடப் பசுக்களே. மலத்தால் கட்டுண்ட உயிர்களே. ஆகவே எவ்வளவு ஆற்றல் படைத்த ஒருவர் எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தாலும் அவர் கடவுள் ஆகிவிட மாட்டார். 1968-ல் எரிக் ஃபான் டேனிக்கன் தம் நூலில் பழைய தெய்வங்கள் எல்லாம் வேற்றுலக விண்வெளி வீரர்களே என்று எழுதி உலகப் புகழ் பெற்றார். அதே ஆண்டு வெளிவந்த ஸ்டான்லி கூப்ரிக்கின் '2001' திரைப்படமும் மனிதரை மேலே தூக்கிவிடும் பேராற்றலை விண்ணிலேயே வைத்தது. ஆற்றலையும் இறைமையையும் ஒன்றாக்கும் இந்தக் குழப்பத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் இடமில்லை. மேலும், குரு எந்த வடிவில் வருவார் என்பதற்கும் அது உயிரின் நிலையையே அளவாகக் கொள்கிறது. ஒரு மலம் மட்டும் உடைய விஞ்ஞானாகலருக்கு இறைவன் உள்ளிருந்தே உணர்த்துகிறான். இரு மலம் உடைய பிரளயாகலருக்குத் தன் தெய்வ வடிவில் முன்னின்று உணர்த்துகிறான். மும்மலமும் உடைய சகலருக்கு மனித வடிவில் மறைந்து வந்து உணர்த்துகிறான். அப்படியானால் வேறோர் உலகில் வேறோர் உடலில் கட்டுண்டிருக்கும் உயிருக்கு அதற்கேற்ற வடிவில் குரு வருவதில் தடை ஏதும் இல்லை. கிறித்துவ இறையியலை வருத்திய கேள்வி இங்கே எழுவதற்கே வழியில்லை.

எழும் இடர் வேறு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், எண்பத்து நான்கு லட்சம் யோனிகளைக் கடந்து மனிதப் பிறப்பெடுப்பது கடலைக் கையால் நீந்துவது போன்றது என்கிறது. அதோடு நிற்கவில்லை, மனிதராகப் பிறந்தாலும் நான்மறை வழங்காத நாட்டில் பிறவாதிருப்பது பெரும் புண்ணியம் என்கிறது. இடத்துக்கும் வீடுபேற்றுக்கும் முடிச்சுப் போடும் கூற்று இது. இதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் வேற்றுலகம் இருக்கட்டும், கடல் கடந்த மலாயாவில் பிறந்தவருக்கே கதவு பாதி மூடிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் உரையாசிரியர்கள் அல்லர், கப்பலேறியவர்கள். தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே வேர்விட்டு, டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் 1781-ல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினார்கள். அவர்கள் வீட்டில் பேசியது மலாய் கலந்த மொழி, வழிபாடு சைவம். பின்னால் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மனையும் முனீஸ்வரரையும் வைத்தார்கள். சில தோட்டங்களில் அந்த மண்ணின் காவலர் என்று நம்பப்பட்ட டத்தோவுக்கும் தனியே ஒரு சிறு மாடம் உண்டு. அவருக்கும் படையல் உண்டு. தங்களுக்கு முன்பே அங்கே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத, மொழி தெரியாத ஒருவரை முதலில் வணங்கிவிட்டுக் குடியேறுவது என்ற இந்த முறையை எந்தச் சாத்திரமும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மனிதர் செவ்வாய்க்கோ அதற்கு அப்பாலோ போவதைக் கற்பனை செய்யும் கலையில் குடியேறுபவர் பெரும்பாலும் கொடி நட்டுத் தொடங்குகிறார். தோட்டத்துத் தமிழர் கும்பிட்டுத் தொடங்கினார்கள். சித்தாந்தம் வேற்றுலகத்தைப் பற்றி இனி ஏதாவது புதிதாகச் சொல்ல வேண்டுமானால், இந்த அனுபவத்திலிருந்து தொடங்குவதே முறை.

சிங்கப்பூர்த் தமிழ்க் கலைஞர் பிரியகீதா தியா இத்தகைய வரலாற்றைத்தான் கணினி வரைகலையில் எடுத்துப் பேசுகிறார். மலாயாத் தோட்டங்களுக்குக் கடல் வழியே வந்த தமிழ்த் தொழிலாளரின் பயணம் அவர் படைப்புகளில் எதிர்காலக் கற்பனையோடு கலக்கிறது. விண்கலத்தைப் பற்றிய கனவுகளில் ஏறிச் செல்பவர்கள் எப்போதும் தாமாக முடிவு செய்து ஏறுகிறார்கள். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் அப்படிப்பட்டதன்று. எதிர்காலத்தின் பெருங்கலங்களிலும் கூலிக்கு ஏற்றப்படுபவர்கள் இருப்பார்களா என்று கேட்கும் உரிமை அந்தக் கப்பலின் வழிவந்தவர்களுக்கு நிச்சயம் உண்டு.

அறியாத ஒருவரைச் சந்திப்பது எப்படிப்பட்டது என்பதை மலாக்கா இன்னொரு முறையும் கற்றிருக்கிறது. போர்த்துகீசியர் முதன்முதலில் வந்திறங்கியதை 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூல் விரித்துரைக்கிறது. ஊர்மக்கள் வியப்போடு சூழ்ந்துகொண்டார்கள். வந்தவர்களை வெள்ளைநிற வங்காளிகள் என்று தங்களுக்குத் தெரிந்த வகைக்குள் அடக்கிப் பார்த்தார்கள். ஒருவர் தாடியைத் திருகிப் பார்த்தார், ஒருவர் தலையைத் தடவினார், ஒருவர் தொப்பியைக் கழற்றினார், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். 1509-ல் அந்த முதல் கப்பல்கள், 1511-ல் அல்புகெர்க்கின் பீரங்கிகள், சுல்தானகம் வீழ்ந்தது. அன்று மலாக்காவில் செல்வாக்கோடு இருந்த தமிழ் வணிகருள் நீனா சத்து போர்த்துகீசியருக்கு உதவி, அவர்கள் ஆட்சியில் உயர்பதவியும் பெற்றார். 2010-ல் ஸ்டீஃபன் ஹாக்கிங், வேற்றுலகத்தார் வந்தால் கொலம்பஸ் வருகை அமெரிக்கப் பழங்குடியினருக்கு விளைவித்ததே நேரக்கூடும் என எச்சரித்தபோது அது பரபரப்பான செய்தியாயிற்று. மலாக்காவுக்கு அது ஊர் வரலாறு. அவ்வரலாறு கூடுதலாகச் சொல்வது, சந்திப்பில் இரண்டு தரப்பு மட்டும் இருப்பதில்லை என்பது: இடையில் நின்று ஆதாயம் பார்ப்பவரும் உண்டு. வேற்றுலகத் திரைப்படங்கள் இந்த மூன்றாம் மனிதரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

அப்படி ஒரு சந்திப்பு நேர்ந்தால் பூமிக்காகப் பேசப்போவது யார்? 2010 செப்டம்பரில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தின் இயக்குநர் மஸ்லான் ஒத்மானை வேற்றுலகத்தாருக்கான தூதராக நியமிக்கப்போவதாக எழுதின. சிரம்பானில் பிறந்த அந்த மலேசிய வானியற்பியலாளர் அதை மறுத்தார். உண்மையில் அப்படி ஒரு பதவி இல்லை, இன்றும் இல்லை. வாயேஜர் தட்டில் எழுந்த கேள்வி இங்கே மறுபடியும் நிற்கிறது.

கடைசியாக, சித்தாந்தத்துக்கும் கலைக்கும் பொதுவான கடினமான இடம் ஒன்று உண்டு. வரப்போவது உயிராக இல்லாமல் இயந்திரமாக இருந்தால்? விண்மீன்களுக்கிடையே உள்ள தூரத்தை எண்ணும்போது, தசையும் இரத்தமுமான உடலைவிடக் கருவிகளே அப்பயணத்தைத் தாங்கும் என்பது பல அறிவியலாளர் கருத்து. சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் இந்தக் கேள்வியைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஜீனோ படிக்கிறது, வாதிடுகிறது, திட்டமிடுகிறது. வாசகர் அதன்மேல் அன்பு வைக்கிறார். அதற்கு உயிர் உண்டா?

இதற்குச் சித்தாந்தம் தரும் விடை பலர் எதிர்பாராதது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் நான்குமே மாயையின் காரியங்கள்; சடம். எண்ணுவதும் முடிவு செய்வதும் கருவியின் தொழில். ஆகவே சிந்திக்கிறது என்பதால் மட்டும் ஒன்றுக்கு ஆன்மா உண்டென்று சித்தாந்தி ஒப்பமாட்டார். அதே சமயம் இயந்திரம் என்பதால் மட்டும் இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் மனித உடலையே மாயையால் ஆன இயந்திரம் என்கிறது. அந்த இயந்திரத்துக்குள் ஆன்மா இருப்பதற்கு அது காட்டும் காரணங்கள் அறிவின் கூர்மையைப் பற்றியவை அல்ல: என் உடல் என்று உடலை வேறாக்கிச் சொல்லும் ஒன்று இருப்பது, உறக்கத்தில் உடல் கிடக்க, உண்ணும் துய்ப்பும் வினையும் நின்றுபோவது, உணர்த்தினால் உணர்வது. துய்ப்பதும் உணர்த்த உணர்வதும் உயிரின் அடையாளங்கள். வள்ளலாரும் சீவகாருண்ய ஒழுக்கத்தில் பிற உயிரோடு உறவை அறிவால் அளக்கவில்லை; பசியாலும் துன்பத்தாலும் அளந்தார்.

வானொலி வழியே நடக்கும் வேற்றுலகத் தேடல் அறிவையே தேடுகிறது: பகா எண்களின் வரிசை, ஒழுங்கான துடிப்பு, கட்டமைத்த குறியீடு. சித்தாந்தத்தின் கணக்கில் இவை எல்லாம் கரணங்கள் செய்யக்கூடிய வேலை. நாளை ஒரு வானொலித் தொலைநோக்கி அப்படி ஒரு குறிப்பைப் பிடித்தால், அதன் பின்னால் புத்தி உண்டு என்பது உறுதிப்படும். அந்தப் புத்தியை உடைமையாகக் கொண்டு இன்பதுன்பம் நுகரும் உயிர் ஒன்று உண்டா என்பது உறுதிப்படாது. அதை அறிய அவர்களோடு பழக வேண்டும், உணர்த்தியும் உணர்த்தப்பட்டும் பார்க்க வேண்டும், அவர்களுக்கு நோவு உண்டா என்று கேட்க வேண்டும். அரெசிபோவின் கிளியிடம் இதையெல்லாம் கேட்க ஒளியாண்டுகள் எதையும் கடக்க வேண்டியதில்லை.